மார்கழி, தை விடுமுறையில் சென்னை: ஒரு சிக்கனப் பயண எஸ்டிமேட்

(மூன்றாம் ஆண்டு மாணவர், அமைப்பியல் துறை)

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது நம் பெரியவர்கள் சொல்லிவைத்த பழமொழி. அந்தப் பட்டணம் நம் உத்திரமேரூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. ஆனாலும் நம்மில் பலர் சென்னையைச் சரியாகப் பார்த்ததில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் சென்னைக்குப் போயிருக்கிறார்கள். எதற்குப் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள், கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள், கோர்ட்டு வழக்குக்குப் போயிருப்பார்கள். "சும்மா சுற்றிப் பார்க்க" என்று ஒரு நாள் போய் வந்தவர்கள் எத்தனை பேர்? கேட்டால், "அதுக்கெல்லாம் காசு ஏது தம்பி" என்பார்கள்.

அந்தப் பதில் பாதிதான் உண்மை என்பதே இக்கட்டுரையின் கருத்து. சென்னையில் பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் மிகக் குறைவு. சிலவற்றுக்குக் கட்டணமே கிடையாது. நம் பணம் பார்ப்பதில் கரைவதில்லை. வழி தெரியாமல் அலைவதில் கரைகிறது, அவசரத்தில் ஏறும் ஆட்டோவில் கரைகிறது, பசி வந்த இடத்தில் கிடைத்த ஓட்டலில் நுழைவதில் கரைகிறது, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் மொத்தமும் கரைகிறது. ஆகவே கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் பயணத்தைச் சுருக்க வேண்டியதில்லை. வரிசையைச் சரியாகப் போட்டால் போதும்.

வரிசை போடுவது எப்படி என்பதை நாம் வகுப்பிலேயே படிக்கிறோம். எஸ்டிமேட்டிங் பாடத்தில் வேலையை உருப்படி உருப்படியாகப் பிரித்து விலை போடுகிறோம். நெட்வொர்க் பாடத்தில் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, கடைசியில் எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்கிடுகிறோம். அதே இரண்டையும் மார்கழி, தை விடுமுறைப் பயணத்துக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. எந்த நாளில் போவது?

செலவைக் குறைக்கும் முதல் முடிவு நாள்தான். இதில் கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்று பார்க்க வேண்டும்.

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-இல் வருகிறது. போகிக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் சென்னையே காலியாகித் தெற்கு நோக்கிப் புறப்படும். ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். காலையில் நாம் எதிர்த்திசையில் போவதால் சுலபமாகப் போய்விடுவோம். மாலையில் திரும்பும்போது அந்தக் கூட்டத்தோடு மாட்டிக்கொள்வோம். பொங்கல் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும் நாளில் இது தலைகீழ், போகும்போது மாட்டிக்கொள்வோம்.

பொங்கலன்று சென்னையில் பல ஓட்டல்களும் கடைகளும் மூடியிருக்கும், வேலை செய்பவர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். காணும் பொங்கலன்று மெரினாவுக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் ஜனம் திரண்டு வரும். அன்று போனால் மனிதத் தலைகளைத்தான் காண முடியும். டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டு நாளும் அப்படியே.

பண்டிகை நாட்களில் மின்சார ரயில்கள் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடுவதுண்டு. ஞாயிறு அட்டவணை என்றால் வண்டி குறைவு, காத்திருப்பு அதிகம்.

கிழமையையும் பார்க்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூருக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. இத்தனையையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது: கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய சில நாட்கள், அல்லது புத்தாண்டு முடிந்து பொங்கல் கூட்டம் தொடங்குமுன் வரும் புதன் அல்லது வியாழன். இந்த நாட்களில் சென்னையில் பண்டிகைக் களை இருக்கும், ஆனால் நெருக்கடி இருக்காது.

2. எந்த வழியில் போவது?

ஒரே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் சென்னை வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வரும் வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகருக்குள் போக இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும்.

நமக்குச் சிக்கனமான வழி, உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு வரை பஸ் (சுமார் 30 கிலோமீட்டர்), அங்கிருந்து கடற்கரை நிலையம் வரை போகும் மின்சார ரயில் (60 கிலோமீட்டர்). தாம்பரம், கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், எழும்பூர், பூங்கா என்று நமக்கு வேண்டிய இடமெல்லாம் இந்த ஒரே தடத்தில் வந்துவிடுகிறது. அதே தூரத்துக்குப் பஸ்ஸில் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான் ரயில் கட்டணம். காஞ்சிபுரத்திலிருந்தும் ரயில் உண்டு. ஆனால் எண்ணிக்கை குறைவு, அதுவும் செங்கல்பட்டு சுற்றித்தான் வரும்.

மின்சார ரயிலில் புதிதாக ஏறுபவர்கள் கவனிக்க வேண்டியவை:

அ) எல்லாப் பெட்டியும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் தெரியும். முதல் வகுப்புப் பெட்டி, லேடீஸ் பெட்டி, கூடை வியாபாரிகள் பெட்டி என்று தனித்தனியாக உண்டு. கதவருகில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு முதல் வகுப்பில் உட்கார்ந்தால் அபராதம் கட்ட நேரிடும்.

ஆ) டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். சிக்கனப் பயணத்தில் அது மொத்த எஸ்டிமேட்டையும் உடைத்துவிடும். போகும்போதே இருவழி டிக்கெட் எடுத்தால் மாலை வரிசையில் நிற்க வேண்டாம்.

இ) எல்லா வண்டியும் செங்கல்பட்டு வராது. தாம்பரத்தோடு நிற்பவையும் உண்டு. திரும்பும்போது நடைமேடைப் பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

ஈ) நம் இலவச பஸ் பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையில்தான் செல்லும். அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பெண்களுக்கு 2021 மே 8 முதல் அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை. அம்மா, அக்காவை அழைத்துப் போகிறவர்களுக்கு நகரத்துக்குள் இது நல்ல மிச்சம்.

3. திரும்பும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

இதுதான் இக்கட்டுரையில் முக்கியமான பகுதி. எல்லோரும் "காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்" என்றுதான் திட்டம் போடுகிறோம். அது பார்வர்ட் பாஸ் மட்டும். நமக்கு வேண்டியது பேக்வர்ட் பாஸ். அதாவது கடைசி நிகழ்ச்சியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். நம் நெட்வொர்க்கில் கடைசி நிகழ்ச்சி, செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூருக்குக் கிளம்பும் பஸ். அதைத் தவறவிட்டால் இரவு தங்க வேண்டும். தங்கல் என்றாலே எஸ்டிமேட் இரட்டிப்பாகும்.

பஸ் நேரங்களைப் போகும் நாளன்றே செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் இரவு 9.30 என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். நம் குறி அதுவல்ல. அதற்கு முந்தின பஸ். அது 8.45 என்போம். இப்போது பின்னோக்கி வாருங்கள்:

8.45 - செங்கல்பட்டில் பஸ்
8.30 - செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்குதல்
6.30 - கடற்கரை நிலையத்தில் ரயிலுக்குத் தயார் (காத்திருப்பையும் சேர்த்து இரண்டு மணி நேரம்)
5.45 - மெரினாவை விட்டுக் கிளம்புதல்
4.00 - மெரினா வந்து சேருதல்
3.15 - கோட்டூர்புரத்தை விட்டுக் கிளம்புதல்
12.45 - கோட்டூர்புரம் வந்து சேருதல்
12.00 - எழும்பூர் அருங்காட்சியகத்தை விட்டுக் கிளம்புதல்
9.30 - அருங்காட்சியகத்தில் நுழைதல்
9.00 - எழும்பூரில் இறங்குதல்
7.15 - செங்கல்பட்டில் ரயில்
6.00 - உத்திரமேரூரில் பஸ்

இப்படி எழுதிப் பார்த்தவுடனே ஒன்று புரிகிறது. ஒரு நாளில் மூன்று இடம்தான் பார்க்க முடியும். நண்பர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் பத்து இடம் சொல்வார்கள். பத்தையும் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் ஆட்டோவுக்குத்தான் காசு போகும், ஒன்றையும் உருப்படியாகப் பார்த்திருக்க மாட்டோம்.

"அப்ப இரண்டு நாள் தங்கிப் பார்த்துட்டா?" என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போடுங்கள். நால்வர் ஊருக்குத் திரும்பி மறுபடி ஒரு நாள் போய்வர ஆகும் பஸ், ரயில் செலவு, விடுமுறைக் காலத்தில் ஓர் இரவு லாட்ஜ் வாடகையைவிடக் குறைவாகவே வரும். ஆகவே இரண்டு நாள் ஆசை உள்ளவர்கள் இரண்டு தனித்தனி ஒருநாள் பயணமாகப் போடுங்கள். சொந்தக்காரர் வீடு இருந்தால் அது வேறு. அங்கேயும் வெறுங்கையோடு போக முடியாது என்பதை எஸ்டிமேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. எதைப் பார்ப்பது?

முதல் இடம், எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கப்பட்டது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் அமராவதியிலிருந்து கொண்டுவந்த பௌத்தச் சிற்பங்களும் இங்கே இருக்கின்றன. மெட்டலர்ஜி படிக்கும் நண்பர்கள் செப்புத் திருமேனிக் கூடத்தை அவசியம் பார்க்க வேண்டும். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் குழிக்குள் உலோகத்தை ஊற்றிய முறையை நாம் பாடத்தில் ஒரு பத்தியில் படித்துவிட்டுப் போகிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய விடைத்தாள் அங்கே நிற்கிறது. அதே வளாகத்தில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் உள்ளது.

இரண்டாம் இடம், கோட்டூர்புரம். எழும்பூரிலிருந்து அடுத்த நிலையமான பூங்காவில் இறங்கி, அருகிலேயே உள்ள பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்தால் கோட்டூர்புரம் வந்துவிடும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. "நம்மளை உள்ளே விடுவாங்களா?" என்ற தயக்கம் வேண்டாம். அந்தக் கண்ணாடிக் கதவையும் குளிர்ந்த காற்றையும் பார்த்துவிட்டு நம் போன்றவர்கள் வாசலிலேயே திரும்பிவிடுகிறோம். அது அரசு நூலகம், நம் ஊர்க் கிளை நூலகத்தின் பெரிய அண்ணன், அவ்வளவுதான். இன்ஜினியரிங் புத்தகங்களுக்கும் போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்கும் தனிப் பகுதிகள் உள்ளன. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் இடம் உண்டு. அதே சாலையில் 1988-இல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கம் உள்ளது. தமிழில் காட்சி நடக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு நூலகத்தை அதற்கு முன்னோ பின்னோ வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் இடம், மெரினா. பறக்கும் ரயிலில் திரும்பி வந்து திருவல்லிக்கேணியில் இறங்கினால் கடற்கரைக்கு நடந்துவிடலாம். ஜனவரியில் ஆறு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். நாலு மணிக்கு வந்தால் வெயிலும் தணிந்திருக்கும், வெளிச்சமும் இருக்கும். திரும்பும்போது பூங்கா நகரில் இறங்கி அலையாமல், பறக்கும் ரயிலிலேயே கடற்கரை நிலையம் வரை போய்விடுங்கள். செங்கல்பட்டு வண்டி அங்கிருந்துதான் கிளம்புகிறது. உட்கார இடம் கிடைக்கும். பூங்காவிலோ எழும்பூரிலோ ஏறினால் தாம்பரம் வரை நின்றுகொண்டே வர நேரும்.

இரண்டாவது பயணம் போக முடிந்தவர்களுக்கு, இந்தப் பருவத்துக்கே உரிய சில:

சென்னைப் புத்தகக் காட்சி: 1977-இல் அண்ணாசாலை மதரஸா-இ-ஆசம் பள்ளியில் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. சைதாப்பேட்டையில் இறங்கிப் போகலாம். புத்தகங்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. வேலை நாட்களில் பிற்பகலில் திறப்பதும் விடுமுறை நாட்களில் காலையிலேயே திறப்பதும் பல ஆண்டு வழக்கம். நேரத்தைப் பத்திரிகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள்: பழைய மூர் மார்க்கெட் 1985-இல் தீயில் அழிந்தது. சென்ட்ரல் அருகில் அதற்குப் பதிலாகக் கட்டிய வளாகத்தில் பழைய பாடப் புத்தகங்கள் கிடைக்கும். போகுமுன் புதுப் புத்தகத்தின் விலையைக் குறித்துக்கொண்டு போனால்தான் பேரம் பேச முடியும்.

மார்கழிக் கச்சேரி: 1928-இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாதெமி முதல் சிறு சபாக்கள் வரை டிசம்பர் முழுதும் இசை விழா. மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். பல சபாக்களில் காலை, பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணமில்லை. பாடுபவர்களும் நம் வயதுப் பிள்ளைகளாக இருப்பார்கள்.

நாட்டுப்புறக் கலை விழா: "சென்னை சங்கமம்" 2007-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 முதல் பொங்கலை ஒட்டிப் பூங்காக்களிலும் மைதானங்களிலும் இலவசமாக நடத்தப்பட்டது. பறை, கரகம், தெருக்கூத்து எல்லாம் இருந்தன. நம் ஊர்ப்பக்கம் விடிய விடிய நடக்கும் கூத்தைச் சென்னைக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டுவதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

தீவுத்திடல் பொருட்காட்சி: மாலையில்தான் களைகட்டும். ஆகவே நம் கடைசி பஸ் கணக்கில் அடங்காது. மேலும் நுழைவுச் சீட்டோடு முடியாது. ராட்டினத்துக்குத் தனி, டெல்லி அப்பளத்துக்குத் தனி. உறவினர் வீட்டில் தங்குபவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை

எஸ்டிமேட்டில் பெரிய ஓட்டை சாப்பாடுதான். அதை அடைக்கும் வழி நம் பாட்டிமாருக்குத் தெரியும்: கட்டுச்சோறு. நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறிய புளிச்சோறு மாலை வரை கெடாது. புளியும் எண்ணெயும் அதைக் காக்கின்றன. தேங்காய்ச் சட்னியும் தேங்காய் சேர்த்த சோறும் மதியத்துக்குள் ஊசிப்போகும், அவற்றைத் தவிர்க்கவும். காலைக்கு இட்லிப் பொடி தடவிய இட்லி. ரயில் ஓடத் தொடங்கியதும் பிரித்துவிடலாம்.

சோறு கட்ட முடியாதவர்களுக்கு, சென்னை மாநகராட்சி 2013 பிப்ரவரியில் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று விலை வைத்தார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்தால் மூடிவிடுவார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில் வீட்டிலிருந்தே. ரயில் நிலையக் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம்.

கழிப்பறை விஷயத்தை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. ஆனால் பெண்களும் வயதானவர்களும் இதற்குப் பயந்தே நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கிப்போகிறார்கள். அருங்காட்சியகம், நூலகம், பெரிய ரயில் நிலையம் மூன்றிலும் கழிப்பறை உண்டு. ஒவ்வோர் இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் "எல்லாரும் போயிட்டு வந்தாச்சா" என்று கேட்பது குழுத் தலைவரின் வேலை. மெரினாவுக்குப் போகுமுன் கட்டாயம் கேளுங்கள்.

6. எஸ்டிமேட்

நால்வர் போகிறார்கள், தலைக்கு 500 ரூபாய், மொத்தம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் கையில் உள்ள உண்மைக் கட்டணத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். தெரியாத இடத்தில் விலையை எப்போதும் சற்றுத் தூக்கியே போட வேண்டும். 2018-இல் உயர்த்திய கட்டணத்தில் சாதாரண வெளியூர்ப் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு. 30 கிலோமீட்டருக்கு 17 ரூபாய் 40 காசு வரும். நாம் 25 ரூபாய் என்று போடுகிறோம்.

1) உத்திரமேரூர் - செங்கல்பட்டு பஸ், இருவழி: 4 பேர் x 2 x 25 = 200
2) செங்கல்பட்டு - எழும்பூர் மின்சார ரயில், இருவழி: 4 x 2 x 20 = 160
3) பறக்கும் ரயில், நகரப் பஸ்: 4 x 40 = 160
4) நுழைவுக் கட்டணங்கள்: 4 x 75 = 300
5) கட்டுச்சோற்றுக்குச் சாமான்: லம்சம் 150
6) டீ, சுண்டல்: 4 x 60 = 240
7) ஷேர் ஆட்டோ, ஒரே ஒரு முறை: லம்சம் 150
கூட்டல்: 1,360
எதிர்பாராச் செலவு, சுமார் 10 சதவீதம்: 140
ஆக மொத்தம்: 1,500

மீதி 500 ரூபாய். தலைக்கு 125. இதைச் சேமிப்பு என்று சொல்லி ஊருக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம். ஆளுக்கு ஒரு பழைய புத்தகமோ, எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் ரிச்சி தெருவில் ஒரு போர்டோ, தங்கைக்கு ஒரு ஜோடி கம்மலோ வாங்கட்டும். ஆசைக்கு ஒதுக்காத எஸ்டிமேட் நிற்காது. ஒதுக்கவில்லை என்றால் சாப்பாட்டுக் காசில் கை வைப்போம்.

கட்டட எஸ்டிமேட்டில் எதிர்பாராச் செலவுக்கு 3 முதல் 5 சதவீதம் போடுகிறோம். இங்கே 10 போடுவதற்குக் காரணம், நம்மிடம் இரண்டாவது தவணை கேட்க வாடிக்கையாளர் இல்லை.

7. கணக்குக் காட்டுதல்

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, இருக்கின்றன. குடவோலைத் தேர்தலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதில் இன்னொரு விதியும் உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி குடத்தில் பெயர் போடத் தகுதி இல்லாதவர்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கணக்குக் கேட்ட ஊர்க்காரர்கள் நாம்.

ஆகவே குழுவாகப் போகும்போது ஒருவரைப் பொருளாளராக வையுங்கள். பணம் முழுதும் கிளம்பும் முன்பே வசூல். ஒரு சிறு நோட்டில் அந்தந்த நேரத்தில் எழுத வேண்டும். திரும்பும் ரயிலில் படித்துக் காட்டி, மீதியை அங்கேயே பிரித்துவிட வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்டா" என்ற வார்த்தையில்தான் பல சிநேகிதம் கெட்டிருக்கிறது. செல்போனில் பணம் அனுப்பும் வசதி இருந்தாலும் சார்ஜ் இறங்கிவிட்டால் அது வெறும் பெட்டி. திரும்பும் கட்டணத்தை ரொக்கமாக ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் தனியே வையுங்கள். கூட்டத்தில் பிரிந்துபோனால் அதுதான் வீட்டுக்கு வழி.

8. கடலில் இறங்காதீர்கள்

இதைத் தனித் தலைப்பாக எழுதக் காரணம் இருக்கிறது. "நாங்க வைரமேகத் தடாகத்திலேயே நீந்துறவங்க" என்று நம் பையன்கள் சொல்வார்கள். ஏரி வேறு, கடல் வேறு. ஏரித் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். மெரினாவில் கரை சட்டென்று சரிந்து ஆழமாகிறது. கரையில் மோதிய அலை திரும்பும்போது காலடி மணலையும் ஆளையும் சேர்த்து இழுக்கும். நீச்சல் தெரிந்தவனையும் அது விடாது. தெரியாதவனைக் காப்பாற்ற இறங்குகிறவனும் போய்விடுகிறான். மெரினாவில் குளிக்கக் காவல்துறை தடை வைத்திருக்கிறது. காணும் பொங்கலன்று கடலோரம் தடுப்புக் கட்டைகளே கட்டுகிறார்கள். குழந்தைகள் தொலையாமல் இருக்க மணிக்கட்டில் பெயர், தொலைபேசி எண் எழுதிய பட்டையும் கட்டிவிடுகிறார்கள். விடுமுறைக்குப் போன கல்லூரி மாணவர்கள் மூழ்கினார்கள் என்ற செய்தியை நாம் பத்திரிகையில் படிக்காத ஆண்டு இல்லை. அந்த வீடுகளிலும் முதன்முதலாகப் படிக்கப் போன பிள்ளைகள் இருந்திருப்பார்கள். கால் நனைப்பதுகூட வேண்டாம். மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

9. இதனால் என்ன பயன்?

டிப்ளமோ முடித்ததும் நாம் எல்லோரும் எப்படியும் சென்னைக்குத்தான் போகப் போகிறோம். அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் தரமணியில் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கிண்டியில் இருக்கிறது. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில்தான் பலருக்கு இன்டர்வியூ வரும். கோட்டூர்புரத்துக்குப் போகும் அதே பறக்கும் ரயில்தான் தரமணிக்கும் போகிறது. விடுமுறையில் சிரித்துக்கொண்டே இந்தத் தடத்தைப் பழகியவனுக்கு, இன்டர்வியூ அன்று வழி தேடும் பதற்றம் இருக்காது. பத்து மணி இன்டர்வியூவுக்குப் பதினொரு மணிக்குப் போய் நிற்கிறவனுடைய மதிப்பெண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்?

இன்னொன்று. முதல் பயணம் நண்பர்களோடு போங்கள். வழி பழகிய பிறகு, இரண்டாம் பயணம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். பெரியாஸ்பத்திரி வரிசையையும் சாரத்தையும் மட்டுமே சென்னையாகப் பார்த்தவர்களுக்கு அருங்காட்சியகத்தையும் நூலகத்தையும் காட்டுங்கள். நடப்பதைக் குறையுங்கள், மூன்று இடத்தை இரண்டாக்குங்கள், உட்காரும் நேரத்தைக் கூட்டுங்கள். எஸ்டிமேட்டை ஆளுக்குத் தகுந்தபடி திருத்துவதும் நாம் படித்ததுதான்.

முடிவாக, கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியவை ஏழு: நாள், கிழமை, திரும்பும் பஸ் நேரம், மூன்று இடம், கட்டுச்சோறு, பொருளாளர், சட்டைப்பையில் தனிக்காசு. இந்த ஏழையும் ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் ஒரு பிரதி கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்றார்கள். அளந்து போட்டால் ஐந்நூறு ரூபாயிலும் சென்னை அடங்கும். வரும் விடுமுறையில் ஒரு குழுவாவது இப்படிப் போய் வந்து, நம் அடுத்த ஆண்டு மலரில் தங்கள் உண்மைக் கணக்கை எழுதினால், இந்த எஸ்டிமேட்டின் தவறுகளை நம் ஜூனியர்கள் திருத்திக்கொள்வார்கள்.